ஐஸ் பெட்டி மீனுக்கு மட்டும்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கடல் வந்துவிடும். அந்தமானில் அலை அடங்கித் தூண்டில்காரர்களுக்கு நல்ல காலம் தொடங்குவது அப்போதுதான். ஏப்ரல் வரை, திங்கட்கிழமை காலைகளில் யாராவது வீங்கிய காலோடு நொண்டிக்கொண்டு வருவார்கள். அல்சூர், ஈஜிபுரா, கே.ஆர்.புரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. முன்பெல்லாம் இந்தக் கூட்டம் காவிரிக்கரையில் பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களுக்குப் போய் மஹசீர் மீனுக்காகக் காத்துக் கிடக்கும். சரணாலயப் பகுதியில் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டபின் கண் கடல் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டரை மணி நேர விமானப் பயணத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து படகு, படகிலேயே சாப்பாடு, பெரிய பாரை மாட்டினால் புகைப்படம். போகட்டும், அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை ஐஸ் பெட்டி மேல்தான்.

சென்ற வாரம் வந்த தம்பியின் உள்ளங்காலில் ஊதா நிறத்தில் இரண்டு புள்ளிகள், பென்சில் முனை அளவு. அவற்றைச் சுற்றித் தோல் வெளிறி, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருந்தது. கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல் ஒரு தழும்பு. தூண்டிலின் தங்கூசி நரம்பை இறுக்கிக் கட்டியதில் தோல் அறுந்த தடம். பவளப்பாறை ஓரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாராம். "கல் குத்திவிட்டது என்று நினைத்தேன் மேடம்" என்றார். குத்தியது கல் இல்லை, கல்லைப் போலவே கிடக்கும் கல்மீன். முதுகில் பதின்மூன்று விஷ முட்கள். மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைக்க அவற்றுக்கு ஒரு நொடி போதும். வலியில் படகே அதிர அலறியிருக்கிறார். கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? காலைக் கட்டி, மூன்று மணி நேரம் ஐஸுக்குள் வைத்திருக்கிறார்கள்.

இதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கால் சுளுக்கினால் ஐஸ், கிரிக்கெட் பந்து பட்டால் ஐஸ் என்று பழகிய கை, மீன் முள் குத்தினாலும் ஐஸைத்தான் தேடுகிறது. மீன் படகில் எது இல்லாவிட்டாலும் ஐஸ் பெட்டி இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில். அதனால் வந்த வினை இது. கல்மீன், திருக்கை, கெளுத்தி, சிங்கமீன், நம் ஊர்ச் சந்தையிலேயே விற்கும் ஓரா என்று முள்ளில் விஷம் வைத்திருக்கும் எந்த மீன் குத்தினாலும் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: வெந்நீர். மறுபடியும் சொல்கிறேன், வெந்நீர். ஐஸ் இல்லை, மஞ்சள் இல்லை, டீசல் இல்லை, பிளேடால் கீறி வாயால் உறிஞ்சுவதும் இல்லை. "ஐஸ் வைத்தால் மரத்துப்போகுமே, வலி தெரியாதே" என்று வாதிடுகிறவர்களுக்கு: இந்த வலி ஐஸுக்கு மரக்காது. கட்டுப்போட்டு ரத்தத்தையும் நிறுத்தி ஐஸையும் வைத்தால், ஏற்கெனவே விஷத்தால் தவிக்கும் சதை செத்துப்போகும். அந்தத் தம்பியின் காலில் கொஞ்சம் சதையை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. முழுப் பழியையும் மீன்மேல் போட என்னால் முடியவில்லை.

வெந்நீர் என்றால் கொதிநீர் இல்லை. சுமார் 45 டிகிரி. குளிக்கிற வெந்நீரைவிடச் சற்றே கூடுதல், பொறுத்துக்கொள்ளும் சூடு. குத்துப்பட்ட இடம் முழுக மூழ்க வேண்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருங்கள். சூட்டை அடிபடாத கையாலோ காலாலோ தொட்டுப் பாருங்கள், முடிந்தால் வேறொருவர் பார்க்கட்டும். வலியில் இருக்கும் காலுக்குச் சூட்டின் அளவு தெரியாது. தேநீர்க் கெட்டிலை அப்படியே காலில் கவிழ்த்துத் தீப்புண்ணோடு வந்தவரும் உண்டு. ஆகவே ஐஸ் பெட்டியோடு ஒரு பெரிய ஃபிளாஸ்க் வெந்நீரும் படகில் ஏறட்டும். இதை மட்டும் செய்தாலே என் திங்கட்கிழமைகள் பாதி காலியாகிவிடும்.

ஒன்று, பாம்புக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. கடற்பாம்பு கடித்தால் வெந்நீர் வேண்டாம். கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். திருக்கை முள் வயிற்றிலோ மார்பிலோ கழுத்திலோ பாய்ந்திருந்தால் பிடுங்காதீர்கள். காலில் ரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்துங்கள்.

காலைத் தரையோடு தேய்த்து நடந்தால் தப்பிக்கலாம் என்று ஒருவர் என்னிடம் பாடம் எடுத்தார். திருக்கைக்கு அது சரி, அதிர்வு கேட்டு விலகிவிடும். கல்மீன் விலகாது, தான் கல் என்ற நம்பிக்கையில் அது அப்படியே கிடக்கும். தடித்த அடி உள்ள காலணி போடுங்கள், அதைவிட நல்லது படகிலேயே நிற்பது. அங்குள்ள படகோட்டிகளில் நம் தமிழர்கள் நிறைய. "இறங்காதீங்க" என்று அவர்கள் நல்ல தமிழில்தான் சொல்கிறார்கள்.

அலையாத்திக் காட்டுக் கழிமுகங்களுக்கு அந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். உப்புநீர் முதலை கழிமுகத்தோடு நிற்பதில்லை, திறந்த கடலிலும் நீந்தும். 2010-ல் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு), உலகமே புகைப்படம் எடுக்கும் ராதாநகர் கடற்கரைக்கு அருகில், நீருக்குள் இருந்த ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணியைக் கொன்றது. முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பிடித்த மீனைத் தண்ணீர் ஓரம் உட்கார்ந்து ஆய்ந்து குடலை அங்கேயே வீசாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் நின்று தூண்டில் போடாதீர்கள். முதலை பார்த்துக்கொண்டிருக்கும், நேரம் குறித்துக்கொள்ளும். படகிலிருந்து காலைத் தொங்கப் போட்டுப் படம் எடுக்கும் ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தூண்டில் முள் விஷயம் சுருக்கமாக. பாரைக்கு வீசும் போலி இரையில் மும்முனை முள் தொங்கும், அது காற்றில் பறக்கும்போது பின்னால் நிற்பவர் முகம் குறுக்கே வரக் கூடாது. எல்லாரும் கண்ணாடி போடுங்கள். கண்ணிலோ இமையிலோ ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், தொடவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகச் சொல்வது சர்க்கரை நோயாளிகளிடமும், கல்லீரல் கெட்டவர்களிடமும், படகில் பீர் பாட்டிலோடு ஏறுகிறவர்களிடமும் கெஞ்சிக் கேட்பது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு கிருமி இருக்கிறது. சிறு கீறல் வழியாக உள்ளே போய், ஓரிரு நாளில் கால் முழுக்கப் பரவி உயிரையே எடுக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "கடலில் குத்தியது" என்று இருக்கட்டும். எங்கள் இளம் மருத்துவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். கேட்டாலும் "சின்ன முள்தான்" என்றே பதில் வருகிறது. சாதாரணக் காயத்துக்குத் தரும் மாத்திரை இதற்குப் போதாது. உள்ளே முள் துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும், டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். காயம் ஆறி, மூன்று வாரம் கழித்து அதே விரலில் ஆறாத கட்டி எழுந்தாலும் மீன் கதையை மறக்காமல் சொல்லுங்கள். அது வேறு கிருமி, வேறு மருந்து.

குத்திய இடம் சில மணி நேரத்தில் சிவந்து பரவினாலோ, ஊதாக் கொப்புளம் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ விமானம் ஏறாதீர்கள். போர்ட் பிளேரில் ஜி.பி.பந்த் மருத்துவமனை இருக்கிறது, அங்கேயே போய்ச் சேருங்கள். டிக்கெட் வீணானால் ஆகட்டும்.