‘சேஃப்ரி எடுத்த கார்தானே’ என்று நம்பிக் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்

போன கிழமையும் எங்கள் கராஜுக்குப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. 2001ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா, சிவப்பு, பொலிஷ் போட்டு மின்னுகிறது. ஒயில் மட்டும் மாற்றச் சொல்லித்தான் அதை வாங்கிய தம்பி கொண்டுவந்தார். காரைத் தூக்குகிற ஹொய்ஸ்ற்றில் ஏற்றினால் அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. இருபது வருடத்துக்கு மேல், பனிக்கு ரோட்டில் கொட்டுகிற ரொறன்ரோ உப்பில் ஓடிய காருக்கு அடிப்பக்கம் அவ்வளவு கறுப்பாக இருக்கவே கூடாது. கதவுக்குக் கீழே, பின் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால், திருப்புளியை வைத்து மெதுவாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது கறளும் பூச்சுக்கட்டியும் நிலத்தில் கொட்டின. முன்பக்க இரும்புச் சட்டமும் அதே நிலைதான். தம்பி வாயே திறக்கவில்லை. கூட வந்த தகப்பன்தான் கேட்டார்: “அண்ணை, சேஃப்ரி எடுத்த கார்தானே, இதெப்படி?”

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் கராஜ் வைத்திருக்கிற எந்தத் தமிழ் மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார், இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது என்று. ஆகவே இதை முதலில் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

நாம் ‘சேஃப்ரி’ என்று சொல்வது ஒன்ராறியோவின் பாதுகாப்புத் தரச் சான்றிதழ். பார்த்த அன்று அந்தக் கார் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவைத் தாண்டியது, அவ்வளவுதான் அதன் பொருள். பிரேக் கட்டை அளவுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தாலும் தேறும். அடுத்த மாதம் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் அது உங்கள் பாடு. எஞ்சினில் கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்குகிற வலு, இருக்கிறதா, ஒயில் குடிக்கிறதா, எஞ்சினின் உள்ளசைவை நேரம் பிசகாமல் வைக்கிற ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது, மூன்றாம் கியர் விழுகிறதா என்று அந்தச் சோதனை கேட்பதே இல்லை. கேட்பதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. 36 நாள் செல்லுபடி என்று எழுதியிருப்பதை 36 நாள் கராண்டி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை ஐயா. அந்த நாட்களுக்குள் காரை உங்கள் பெயரில் பதிய அந்தச் சான்றிதழ் உதவும் என்பதுதான் கணக்கு. சான்றிதழ் எடுத்த மறுநாள் எஞ்சின் உடைந்தாலும் அந்தத் தாள் பொறுப்பேற்காது.

அதைவிட முக்கியமானது, அந்தச் சோதனைக்குக் காசு கொடுத்தவர் விற்பவர். கராஜைத் தெரிவு செய்தவரும் அவர்தான். பெரும்பாலான கராஜ்கள் நேர்மையாகத்தான் செய்கின்றன. எங்கள் 310எஸ் மெக்கானிக் உரிமத்தை வைத்துத்தானே எங்கள் பிழைப்பு, ஒரு கையெழுத்துக்காக அதை இழக்க யாருக்கும் ஆசையில்லை. ஆனாலும் கையெழுத்து விழுந்த பிறகு, விற்பதற்கு முன்னால், காரின் அடியில் என்ன பூசினார்கள், எந்த ரயரைக் கழற்றிப் பழையதை மாட்டினார்கள் என்று அந்தத் தாள் சொல்லாது. உங்களுக்காகப் பார்ப்பவர் உங்கள் காசில், நீங்கள் தெரிவு செய்தவராக இருக்கவேண்டும். விற்பவரோடு சம்பந்தமில்லாத கராஜ் ஒன்றில், காசு கைமாறுவதற்கு முன்னால், ஹொய்ஸ்ற்றில் ஏற்றிப் பாருங்கள். 100, 200 டொலருக்குள் முடிகிற வேலை. பல ஆயிரம் கொடுத்து வாங்கப் போகிறவர்கள் இதில் மிச்சம் பிடிப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த நம்பிக்கை, ‘ஜப்பான் கார் பழுதாகாது’ என்பது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அம்மாமார் கோவிலுக்கும் வேலைக்கும் ஓட்டிய கொரோலாக்கள். ஸ்போர்ட்ஸ் கார் அப்படி ஓடியதில்லை. உங்கள் கைக்கு வரும்போது நாலாவது, ஐந்தாவது ஆளாக இருப்பீர்கள், முன்னால் ஓட்டியவர்களில் இரண்டு பேராவது பத்தொன்பது வயதில் ஓட்டியிருப்பார்கள். இலச்சினையைப் பார்க்காதீர்கள். உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரு காரைப் பாருங்கள்.

மியாட்டாவில் எனக்குப் பயம் எஞ்சின் இல்லை. அது நல்ல எஞ்சின், 2005 வரை வந்தவற்றில் பெல்ற்றை ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கெட்டுப்போவது உடம்புதான். துணிக்கூரையிலிருந்து தண்ணீர் இறங்குகிற துவாரங்கள் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிக்குள் நின்று உள்ளிருந்து தின்னும். 1999 முதல் 2005 வரையான மொடலில் முன்பக்கச் சட்டத்தையும் கட்டாயம் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு, 2006இலிருந்து வந்த மொடலுக்கு பெல்ற்றுக்குப் பதிலாக ரைமிங் செயின். மடிகிற கடினக் கூரையோடும் கிடைக்கும். வின்ரரிலும் ஓட்ட வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8. இதைப்பற்றிக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன்: தினசரி வேலைக்குப் போய்வர இதை வாங்காதீர்கள். பார்க்க அழகு, ஓட்ட அதைவிட அழகு, விலையும் மலிவு. மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிஸ்டனுக்குப் பதில் சுழலி சுற்றுகிற அந்த ரோட்டரி எஞ்சின் ஒயிலை எரிப்பது பழுது அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு முறை பெற்றோல் அடித்தால் ஒருமுறை ஒயில் பார்க்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் பொனற்றைத் திறக்கிறார்கள்? அப்புறம் இன்னொன்று. எங்கள் வீடுகளில் ஒரு ட்ரைவ்வேயில் மூன்று, நாலு கார் நிற்கும். காலையில் பனி தள்ள ஒரு காரைப் பின்னெடுத்து, உடனே நிறுத்தி, அடுத்ததை எடுப்போம். குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடத்தில் நிறுத்தினால் பெற்றோல் தேங்கி, மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஜனவரி வந்தால் இந்தக் காருக்கு இழுவை வண்டி கூப்பிடுகிற கதை இதுதான். சாதாரண கொம்பிரஷன் மானியால் இந்த எஞ்சினைச் சரியாக அளக்க முடியாது, ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் ‘கொம்பிரஷன் நல்லம்’ என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். நீங்களாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்தி, சில நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். இழுத்து இழுத்துப் பிடித்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சுபரு டபிள்யூஆர்எக்ஸ் பனிக்குச் சிங்கம், மறுக்கமாட்டேன். ஆனால் யாரோ லப்டொப்பில் டேர்போவின் காற்றழுத்தத்தை ஏற்றிக் கொடுத்த 2.5 லீற்றர் டேர்போ எஞ்சினில் பிஸ்டனின் வளையம் இருக்கிற விளிம்பு உடைவதை அடிக்கடி பார்க்கிறேன். கொம்பனி விட்டபடியே இருக்கிற கார் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். நிசான் 350இசட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் கூடிய குதிரைச்சக்தியோடு வந்த, கையால் கியர் போடுகிற கார்கள் ஒயில் குடிப்பதற்குப் பெயர்போனவை. ரொயோட்டா செலிக்காவிலும் 2000 முதல் 2002 வரையான சாதாரண ஜிரி மொடலுக்கு அதே வியாதி. மூன்றுக்கும் ஒயில் அளக்கிற கம்பியான டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? என்னைக் கேட்டால் 2006 முதல் 2011 வரையான ஹொண்டா சிவிக் எஸ்ஐ. 2 லீற்றர், 197 குதிரைச்சக்தி, ஆறு கியர், செயின் எஞ்சின், பின் சீற்றில் தங்கச்சியையும் ஏற்றலாம். எந்தக் கராஜிலும் பாகம் கிடைக்கும். இதிலும் மூன்றாம் கியர் ஒரு பலவீனம்: எஞ்சினை நன்றாக ஏற்றி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போடும்போது கறகறத்தாலோ துள்ளி வெளியே வந்தாலோ விலகிக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையை விற்பவர் மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜப்பானிலிருந்து நேரே இறக்கிய வலப்பக்க ஸ்டியரிங் கார்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கனடாவில் 15 வருடம் தாண்டினால் இறக்கலாம், சட்டப்படி சரி. ஊரில் வலப்பக்கம் இருந்து ஓட்டிய அப்பாமாருக்கு ஆசை வருவதும் விளங்குகிறது. ஆனால் இங்கே 401 நெடுஞ்சாலையில் லொறிக்குப் பின்னால் நின்று இடப்பக்க லேனைப் பார்க்க வழியே இருக்காது. முன்விளக்கு இடப்பக்கம் ஏறி அடிக்கும், எதிரே வருபவரின் கண் கூசும், அதை மாற்றியே ஆகவேண்டும். இன்சூரன்ஸ் எடுக்க மறுக்கிற கொம்பனிகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் காராக வைத்திருங்கள், தினமும் வேண்டாம்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், மழையில் போகாதீர்கள். போனவுடன் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். காரின் பதிவுப் பத்திரமான ஓனர்ஷிப்பில் இருக்கிற பெயரும் எதிரே நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்கவேண்டும். ‘மச்சான்ர கார்’ என்றால் மச்சானை வரச் சொல்லுங்கள். தனிநபரிடம் வாங்கினால் மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோவின் பழைய வாகனத் தகவல் பொதியை விற்பவர்தான் எடுத்துத் தரவேண்டும், அது சட்டம். கார்மீது கடன் இருக்கிறதா, எத்தனை கை மாறியது என்று அதில் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் விற்பவரின் பெயருக்கு வந்திருந்தால், உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்கிறவர் என்று சந்தேகப்படலாம். இன்சூரன்ஸ் விலையைக் கார் வாங்கிய பிறகு கேட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலே போன் பண்ணிக் கேளுங்கள். வின்ரர் ரயர் நாலும் காரின் விலையோடு சேர்ந்த செலவு. பின்சில்லு இழுக்கிற காருக்குக் கோடை ரயரோடு டிசம்பரில் இறங்குவது தற்கொலை. கறள் பிடிக்காமலிருக்க ஒவ்வொரு வருடமும் காரின் அடிப்பக்கத்துக்கு ஒயில் ஸ்பிரே அடியுங்கள். அடிக்கும்போது கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துவாரங்களை அடைக்க விடாதீர்கள்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு காற்றுப்பை இருக்கிறது. டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகள் பல, பழசானால் விபத்தில் விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தன. உலகம் முழுக்க ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன ஆர்எக்ஸ்-8 உட்பட அந்தக் காலத்து ஜப்பான் கார்கள் பல, அந்தப் பைகளை மாற்றக் கொம்பனிகள் திருப்பியழைத்த பட்டியலில் இருக்கின்றன. கைமாறிக் கைமாறி வந்த கார்களில் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், பை மாற்றப்படாமலே இருக்கும். முன் கண்ணாடியின் அடியில் எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட அடையாள எண் தெரியும். அதைப் படம் எடுத்து, கார் செய்த கொம்பனியின் கனடா இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். மாற்றவில்லை என்று வந்தால் டீலரிடம் கொண்டுபோங்கள், மாற்றுவது இலவசம். மாற்றும்வரை பிள்ளையை ஓட்ட விடாதீர்கள்.