சீம்பாலுக்குள் தப்பிக்கும் நச்சு

"பிறந்த இரண்டாம் நாளே குட்டி ரத்தமாகக் கழிந்து இறந்துவிடுகிறது. அதே கிருமி தாயின் குடலிலும் இருக்கிறதாம். தாய்க்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிருமியின் பெயர் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ், அதிலும் சி வகை. பன்றி, ஆடு, மாடு ஆகியவற்றின் குட்டிகளைத் தாக்கும். பன்றிக்குட்டிகளுக்குப் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வந்துவிடும். புதிதாய்ப் பிறந்த குட்டியின் குடலில் வேறு நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை என்பதால் போட்டியின்றிப் பெருகுகிறது. ஆனால் பெருகினால் மட்டும் குட்டி சாகாது. கொல்வது இந்தக் கிருமி வெளிவிடும் பீட்டா நச்சு.

இந்த நச்சு ஒரு புரதம். கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற, புரதத்தை வெட்டிச் செரிக்கும் நொதி பட்டால் துண்டுதுண்டாகிவிடும். வளர்ந்த விலங்கின் சிறுகுடலில் டிரிப்சினுக்குக் குறைவில்லை. நச்சு சுரந்த இடத்திலேயே செரித்துப்போகிறது. தாய் நலமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

குட்டிக்குக் கணையச் சுரப்பே குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் முடக்கும் சிறு புரதம் ஒன்று சீம்பாலில் இருக்கிறது. அது ஏன் அங்கே? பன்றி, ஆடு, மாடு இவற்றின் நஞ்சுக்கொடி, நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) கருவுக்குக் கடத்தாது. குட்டிக்கு வேண்டிய எதிர்ப்பொருள் முழுவதும் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். எதிர்ப்பொருளும் புரதமே; டிரிப்சின் வெட்டிவிட்டால் போயிற்று. அதனால் கத்திக்கு உறை போட்டுத்தான் தாய் பால் தருகிறது. அந்த உறையால் எதிர்ப்பொருளும் தப்புகிறது, பீட்டா நச்சும் தப்புகிறது! சோயாவிலிருந்து எடுத்த டிரிப்சின் தடுப்பானைக் கிருமியோடு சேர்த்துக் கொடுத்தால் வளர்ந்த விலங்குக்கும் இதே நோயை வரவழைக்கலாம் என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். உடற்செயலியலில் இவ்வளவு அழகான முரணை நான் அதிகம் கண்டதில்லை.

தப்பிய நச்சு, குடல் உறிஞ்சிகளின் (உணவுச்சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்நீட்சிகள்) நுண்ணிய ரத்தக்குழாய்களைக் குறிவைக்கிறது. குழாயின் உட்சுவர்ச் செல்களில் பல மூலக்கூறுகள் வளையமாகக் கூடித் துளை போடுகின்றன. செல் சாகிறது, ரத்தம் கசிகிறது, உறைகிறது, உறிஞ்சி அழுகுகிறது. இறந்த குட்டியைத் திறந்தால் நடுச்சிறுகுடல் கருஞ்சிவப்பாக இருக்கும். சுவருக்குள் சிறு வாயுக் குமிழிகளும் தென்படலாம்.

இதே கிருமியின் டி வகை சுரக்கும் எப்சிலான் நச்சின் கதை நேர்எதிர். வெளிவரும்போது அது ஏறத்தாழச் செயலற்றது. டிரிப்சின் இரு முனைகளையும் நறுக்கிய பிறகே வீரியம் பெறும். அதனால் அது பெரிதும் பலி கொள்வது சில வாரம் வளர்ந்த, கொழுத்த செம்மறிக் குட்டிகளை. ஒரே நொதி, ஒரு நச்சுக்கு எமன், இன்னொன்றுக்குத் துணை.

அப்படியானால் சீம்பாலை நிறுத்தலாமா? கூடவே கூடாது. சீம்பால் கெடுதல் என்ற மூடநம்பிக்கை கொன்ற குட்டிகள் ஏராளம். பீட்டா நச்சுக்கான எதிர்ப்பொருளையும் சீம்பாலிலேயே ஏற்றிவிடுவதுதான் வழி. சினைப் பன்றிக்கு வீரியம் நீக்கிய நச்சைத் தடுப்பூசியாக இரண்டு தவணை போட வேண்டும். இரண்டாவது, ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு. குட்டி முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு நாளில் குடல் எதிர்ப்பொருளை ரத்தத்துக்குள் விடுவதை நிறுத்திவிடும். கழிச்சல் தொடங்கிய பின் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. கிருமி செத்தாலும் நச்சு போட்ட துளை அடைபடாது. சீம்பாலின் வேதியியலுக்கு ஆய்வு நிதி இன்னும் தாராளமாக ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோயைக் கண்டறியும் ஆய்வகப் பரிசோதனையிலும் டிரிப்சின் குறுக்கிடும். இறந்த குட்டியின் குடல் வெப்பத்தில் கிடந்தால் நச்சு சிதைந்து, 'நச்சு இல்லை' என்று முடிவு வரும். இறந்தவுடன் குடல் துண்டின் இரு முனையையும் கட்டிப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். கூடவே ஒரு துண்டை, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினிலும் போடுங்கள். நச்சு அழிந்துவிட்டாலும், அழுகிய உறிஞ்சிகளின் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் தடித்த கோல்வடிவக் கிருமிகள் நுண்ணோக்கியில் தெரியும்.