அரைத்த முந்திரியும் முந்திரிதான்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, உதடு வீங்கி, உடலெங்கும் தடித்து, குரல் கம்மி, ஓயாமல் இருமிக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். அவனுக்கு முந்திரி ஒவ்வாமை இருப்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். "முந்திரியைக் கண்ணிலேயே காட்டவில்லை டாக்டர், வீட்டில் செய்த பனீர் பட்டர் மசாலாதான் சாப்பிட்டான்" என்றார் தாய். பின்னால் நின்ற பாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குழம்பு கெட்டியா வரட்டும்னு பத்து முந்திரி ஊறவச்சு அரைச்சு ஊத்தினேங்க. கொதிச்சா எல்லாம் அடங்கிடும்னு நினைச்சேன்."

இந்த "கொதித்தால் அடங்கிவிடும்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. முந்திரியில் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்கள், அடுப்பில் கால் மணி நேரம் கொதிப்பதால் செயலிழப்பவை அல்ல. வறுத்தாலும், ஊறவைத்தாலும், வெங்காயம் தக்காளியோடு விழுதாக அரைத்து வெண்ணெயில் வதக்கினாலும், மேலே பாலாடையை ஊற்றினாலும் அவை அப்படியேதான் இருக்கும். பால், முட்டை ஒவ்வாமை உள்ள சில குழந்தைகள் நன்கு வெந்த கேக்கைத் தாங்கிக்கொள்வது உண்மைதான். அதை எங்கேயோ கேட்டுவிட்டு முந்திரிக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். முழுப் பருப்பாக இருந்தாலாவது குழந்தை கண்டு ஒதுக்கிவிடும். விழுதாகிவிட்டால், அந்தச் சிவந்த குழம்பில் அதை நானும் கண்டுபிடிக்க மாட்டேன்.

முந்திரி ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிஸ்தாவும் ஆகாது. எனவே கெட்டித்தன்மைக்கு வேறு பருப்பைத் தேடாதீர்கள். வெங்காயத்தையும் தக்காளியையும் நிதானமாக வதக்கி அரைத்து, கடைசியில் சிறிது பாலாடை சேர்த்தால் போதும். பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முந்திரி அரைத்த மிக்ஸி ஜாரை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அரைக்காதீர்கள். கடையில் வாங்கும் கிரேவிப் பொட்டலத்தில் கொட்டைப் பருப்புகள் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதி. ஆனால் எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் "முந்திரி போட்டீர்களா?" என்று கேட்டால் பலர் பழக்கத்தில் "இல்லை" என்றுவிடுவார்கள். "குழம்புக்கு என்னென்ன அரைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

மூச்சு இரைத்தாலோ, குரல் மாறினாலோ, அடுத்தடுத்து வாந்தி எடுத்தாலோ, வீட்டிலிருக்கும் அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. சிரப் தடிப்பைக் குறைக்குமே தவிர மூச்சுக்குழாயைக் காப்பாற்றாது. உடனே 108ஐ அழையுங்கள், பிள்ளையை நடக்க வைக்காதீர்கள்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் அந்தச் சிறுவனின் இருமல் அடங்கியது. "சரியாகிவிட்டதே, கூட்டிப் போகலாமா?" என்று தந்தை கேட்டார். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்புவதுண்டு என்பதால், விடியும்வரை அவர்களை அனுப்பவில்லை.