விழாத் திகதியை முதலில் குறிக்காதீர்கள்

ஒரு ரீச்சர் வந்தார். ஓய்வுபெற்றவர், சாம்பல்தீவுப் பக்கம். துணிப்பைக்குள் நான்கு சீஆர் கொப்பிகள். அவற்றை மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வசனம்: "தம்பி, ஓகஸ்ட் பத்தாம் திகதி அம்மாட ஆண்டுத் திவசம். அண்டைக்கே புத்தகத்தை வெளியிடோணும். மண்டபத்துக்கு முற்பணமும் குடுத்திட்டன்."

புத்தகம் எங்கே என்று கேட்டேன். கொப்பிகளைக் காட்டினார். கடைசிக் கொப்பியில் பாதி வெறுந்தாள்.

திருகோணமலையில் பதினைந்து வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன், பக்கம் வடிவமைக்கிறேன். முதல் புத்தகத்தோடு வருகிறவர்களில் பலர் இப்படித்தான். மண்டபம், பிரதம விருந்தினர், முதற்பிரதி வாங்கப்போகும் வர்த்தகர் எல்லாம் சரியாகியிருக்கும். எழுத்துதான் முடிந்திருக்காது. அவர்களில் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் அச்சுச் செலவு திரும்பி வருவது பெரும்பாலும் அந்த விழா மேசையில், கவருக்குள் வைத்துத் தரும் காசாகத்தான். கடையில் போட்டால் கடைக்காரர் கழிவு போக மிச்சம் கைக்கு வர மாதக்கணக்காகும். ஆனால் திகதியை முதலில் குறித்துவிட்டால், எதை எழுதுவது எதை விடுவது என்பதைக் கலண்டர்தான் தீர்மானிக்கும்.

ரீச்சரின் கொப்பிகளை இரண்டு இரவில் வாசித்தேன். நல்ல எழுத்து. மூன்றாவது கொப்பியில் 2004 டிசம்பர் 26 வருகிறது. அலை வற்றிய பிறகு அம்மா வீட்டடிக்குத் திரும்பி வருகிறார். சுவரில்லை, கிணறு மண்மூடிக் கிடக்கிறது. அவர் நகையைத் தேடவில்லை, காணி உறுதியைத் தேடவில்லை. தடியொன்றால் மண்ணைக் குத்திக் குத்தி அம்மியைத் தேடுகிறார். பத்து வரிதான், வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், "சென்ற வருடம் அம்மா இறைவனடி சேர்ந்தார்" என்று இருக்கிறது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரே வரியில் போய்விட்டது. அதற்குப் பிறகு நன்றியுரை.

"இடையில என்ன நடந்தது ரீச்சர்?"

"அதெல்லாம் எழுத எங்க தம்பி நேரம்?"

இது ஒரு பிரச்சினை. இன்னொன்று தட்டச்சு. ரீச்சரின் மருமகன் பாதியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் மீதியைப் போனில் யூனிகோடிலும் அடித்திருந்தார். பாமினியில் காற்புள்ளி விசையை அழுத்தினால் 'இ' விழும். யூனிகோடில் அடித்ததைக் கவனமில்லாமல் பாமினிக்கு மாற்றினால் காற்புள்ளியெல்லாம் 'இ' ஆகிவிடும். "மீன், கருவாடு, தேங்காய்" என்று அவர் எழுதியது "மீன்இ கருவாடுஇ தேங்காய்" என்று நின்றது. இலங்கையில் அச்சான புத்தகங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த 'இ' பழைய சிநேகிதன். இடைவெளியோடு வரும் 'இ'யைக் கணினியில் தேடிப் பிடிக்கலாம். இடைவெளி விடாமல் அடித்ததைக் கண்தான் பிடிக்கவேண்டும். அப்புறம் துணைக்காலுக்குப் (ா) பதிலாக 'ர' போட்டது, 'ஔ' என்ற ஓரெழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரித்து அடித்தது... மெய்ப்புக்கு மூன்று சுற்று வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். மூன்றாவது சுற்றைத் தாளில் எடுத்து, சத்தம் போட்டு வாசிக்கவேண்டும். விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது யாருக்கும் அதற்குப் பொறுமை வராது. முதலிலிருந்தே யூனிகோடில், ஒரே கோப்பாக அடித்துக்கொண்டு வாருங்கள். பாதி வேலை மிச்சம்.

பக்கம் வடிவமைத்துப் பார்த்தால் 132 வந்தது. பிளேட் செய்து அடிக்கும் ஓப்செட்டில் எங்கள் அளவுப் புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சடித்து மடிப்பார்கள். ஆகவே 128க்குக் குறைக்கவேண்டும், அல்லது 144க்குப் போய்ப் பன்னிரண்டு வெறும் பக்கத்துக்குக் காசு கட்டவேண்டும். வெட்ட நான்கு பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், முன்னுக்கு ஆறு வாழ்த்துரைகள்! வாழ்த்துரை வாசித்துப் புத்தகம் வாங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "பள்ளிக்கூட அதிபர் கோவிப்பார்" என்றார் ரீச்சர். அம்மி வரும் பக்கத்தைச் சுருக்கலாமா என்று கேட்டேன். பதில் இல்லை.

மற்றதெல்லாம் லேசான வேலை. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் கொடுக்கிறது. உங்கள் செலவில் நீங்களே வெளியிட்டால் உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். வேறொருவருடைய எண்ணை வாங்கிப் போட்டால் பதிப்பாளராக அவர் பெயர்தான் பதிவில் நிற்கும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியபோதே அது உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் எழுபது வருடம் நிற்கும். அதே சட்டம் மற்றவர்களையும் காக்கிறது. அத்தியாயத் தலைப்புக்குக் கீழே சினிமாப் பாட்டு வரிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரதி எத்தனை? இதில் நானே சூடுபட்டவன். என்னுடைய கவிதைப் புத்தகத்தை 500 அடித்தேன். முன்னூறு அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான் என்று அச்சகத்தில் கணக்குக் காட்டினார்கள். கணக்குச் சரி. விழாவில் நூற்றுச் சொச்சம் போனது, மிச்சம் கட்டிலுக்குக் கீழே. அந்த வருட மாரியில் நிலம் ஈரம் கசிய, அடியில் இருந்த பெட்டிகள் இட்லி மாதிரி ஊதிவிட்டன. அதற்கு மேல் கறையான். இப்போது டிஜிட்டலில் நூறு பிரதி அடிக்கலாம். ஒரு பிரதிக்குச் செலவு கூடத்தான், ஆனால் கட்டிலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. விற்று முடிந்தால் மீண்டும் அடிக்கலாம், பிழையையும் திருத்தலாம்.

ரீச்சரிடம் ஒன்று சொன்னேன். திவசத்துக்கு அந்தப் பத்து வரியை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள், புத்தகம் பிறகு வரட்டும். முகம் சுருங்கிப் போய்விட்டது. கொப்பிகளை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

கார்த்திகையில், நல்ல மழையில், குடையும் பையுமாக வந்தார். மண்டபக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லையாம். அதைத்தான் முதலில் சொன்னார். பிறகு பொலித்தீன் உறைக்குள்ளிருந்து ஐந்தாவது கொப்பியை எடுத்து வைத்தார். திறந்தேன்.

"அம்மி கிடைத்தது, குழவி கிடைக்கவில்லை" என்று தொடங்கியிருந்தது.