மொசாம்பிக்கில் வலிப்பு நோய்க்கான அரசுச் சிகிச்சை: யார் தருகிறார்கள், எத்தனை முறை போக வேண்டும்

உலகில் வலிப்பு நோயுடன் வாழும் சுமார் 5 கோடிப் பேரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருவருக்கு 5 டாலர் செலவிலேயே மருந்து தர முடியும் என்ற நிலையிலும், மிக ஏழை நாடுகளில் நோயாளிகளில் நான்கில் மூவருக்குச் சிகிச்சை எட்டுவதில்லை. மருந்தை எழுதித் தர ஊருக்கு அருகில் ஆள் இல்லாததே இதற்கு ஒரு பெரிய காரணம். இந்த இடைவெளியைக் குறைக்க 2010களில் உலகச் சுகாதார நிறுவனம் கானா, மியான்மர், வியட்நாம் ஆகியவற்றோடு மொசாம்பிக்கிலும் அந்தந்த அரசுகளுடன் இணைந்து ஒரு திட்டத்தை நடத்தியது.

நரம்பியல் மருத்துவர்கள் மிகச் சிலரே உள்ள மொசாம்பிக்கில், 1990களிலிருந்து பயிற்சி பெற்றுவரும் மனநலப் பணியாளர்கள் மாவட்ட அளவில் வலிப்பு நோயையும் கவனிக்கிறார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை இல்லாமலேயே, வலிப்பை நேரில் பார்த்தவர் சொல்லும் விவரத்தை வைத்து அவர்கள் முடிவெடுக்கிறார்கள். ஆகவே நோயாளியுடன் அப்படி ஒருவரும் போவது அவசியம். காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் ஏதுமின்றி, ஓராண்டுக்குள் வெவ்வேறு நாட்களில் இரண்டு முறையாவது வலிப்பு வந்திருந்தால் சிகிச்சை தொடங்கலாம்.

பெரும்பாலும் தரப்படுவது ஃபீனோபார்பிட்டால். இரவில் ஒரு வேளை போதும் என்பது இதன் வசதி. ஆனால் உடலில் இதன் அளவு நிலைபெற இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், முதல் வாரத்தில் வலிப்பு வந்ததுமே மருந்து பயனில்லை என்று கைவிடுவது தவறு. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான, நிற்காத வலிப்பு வரக்கூடும். வலிப்பு கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒருமுறையாவது சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். பிறகு இடைவெளியைக் கூட்டலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்த பின்னர்தான் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம், அதுவும் படிப்படியாக.

வருகை தடைப்படுவதற்கு நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. ஃபீனோபார்பிட்டால் மனநிலையைப் பாதிக்கும் மருந்துகள் பற்றிய 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இறக்குமதிக்கும் இருப்புக்கும் கூடுதல் நடைமுறைகள் உண்டு என்பதால் நிலையத்தில் மருந்து இல்லாமல் போகலாம். பல மணி நேரம் நடந்து வந்தவர் மருந்தில்லாமல் திரும்பினால் அடுத்த மாதம் வருவாரா? நோயை நிலவோடும் ஆவிகளோடும் தொடர்புபடுத்தும் பகுதிகளில் பலர் முதலில் நாடுவது நாட்டு வைத்தியரைத்தான். திட்டம் இந்த வைத்தியர்களைப் பகைக்காமல், நோயாளியை நிலையத்துக்கு அனுப்பி வைப்பவர்களாக அவர்களையே சேர்த்துக்கொண்டது. அதன் மிகப் புத்திசாலித்தனமான பகுதி இதுவே.