பாட்டியின் அட்டிகையில் பொன் எவ்வளவு?

பெரம்பூரில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளர் வேலை எனக்கு. மேசையில் தராசு, உரைகல், திராவகக் குப்பி, அவ்வளவுதான் ஆபீஸ். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் சமயத்தில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.

அப்படி ஒரு நாள் ஓர் அம்மா, மஞ்சள் துணியில் சுற்றிய கெம்பு அட்டிகையை எடுத்து வைத்தார். "எட்டு சவரன் தம்பி. மாமியார் போட்டது." தராசும் 64 கிராம் என்றது. திருப்பிப் பார்த்தேன், கல்லுக்குக் கல் பின்னால் அரக்கு. இரண்டையும் கழித்து நான் எழுதிய நிகர எடை 43 கிராம்.

"அப்போ எங்க மாமியார் பொய் சொன்னாங்களா?"

இல்லை. அவருக்கும் யாரும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரித்து எழுதுவது நமக்குப் புதிதா என்ன? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளுக்குப் பொன் எத்தனை கழஞ்சு, வைரம் எத்தனை, முத்து எத்தனை என்று கணக்கு இருக்கிறது. நிறுத்தது 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் என்பதுகூட. நாம் என்னடாவென்றால் மொத்த எடையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். கல் நகை வாங்கினால் பில்லில் தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அடகு வைக்கும்போது கல்லுக்குக் காசு கிடையாது.

சவரன் என்ற சொல்லே ஆங்கிலேயரின் சாவரின் காசிலிருந்து வந்ததுதான். 22 காரட், எட்டு கிராமுக்குத் துளி குறைவு. அதற்கு வெகுகாலம் முன்பே யவனர்கள் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. எகிப்தியர்கள் சுமார் பத்து கிலோ தங்க முகமூடியைத் துட்டன்காமனோடு புதைத்தார்கள். நம் வீட்டுத் தங்கம் பீரோவுக்கும் அடகுக் கடைக்கும் நடையாய் நடக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரலைத் தாழ்த்திப் பேசுபவர்களிடம் 1991-ஐச் சொல்வேன். அந்நியச் செலாவணி தீரும் நிலைக்கு வந்தபோது ரிசர்வ் வங்கியே சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கடன் வாங்கியது.

அப்புறம் இந்த 'கேடிஎம்'. "சுத்தமான கேடிஎம் சார்" என்று பெருமையாக நீட்டுவார்கள். அது தரத்தின் பெயரே இல்லை, காட்மியம் வைத்துப் பற்றவைத்தது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு முந்தைய நகைகளில் துண்டுகளை இணைக்கும் பற்றாசில் செம்பு கலப்பு அதிகம். நகையின் உடலை உரைத்தால் ஒரு மாற்று, அதாவது ஒரு தரம், இணைப்பை உரைத்தால் ஒரு மாற்று வரும். காட்மியம் அதைச் சரி செய்தது, ஆனால் அதன் புகை நகை செய்யும் பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்தது. இன்று பார்க்க வேண்டியது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரை, 22 காரட் என்றால் 916 (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்), ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இட எச்யுஐடி எண். 1 ஏப்ரல் 2023 முதல் இந்த எண் இல்லாமல் கடைகள் புது நகை விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைப் போட்டால் விவரம் வரும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி போன்ற கல் பதித்த வகைகளுக்கும் விலக்கு உண்டு. அதாவது எடையில் அதிகம் குழப்பம் வரும் நகைகளுக்கே!

அந்த அம்மா கடனை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் மறுபடி என் மேசைக்கு வந்தார். "அந்த 43-ஐ ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க தம்பி. மருமககிட்ட சரியாச் சொல்லணும்." அடகுச் சீட்டிலேயே இருக்கிறது. இருந்தாலும் தனியாக எழுதிக் கொடுத்தேன். காலியான மஞ்சள் துணியில் வைத்து முடிந்துகொண்டார்.