ஹியூமன் ஃபேக்டர்ஸ் ஹசார்ட்: மனிதக் காரணி இடர்

இந்தியாவில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்குப் படிப்பவர்கள் எழுதும் தேர்வுகளில் ஒன்பதாவது தொகுதியின் பெயர் 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்'. எஞ்சின், மின்சுற்று, காற்றியக்கவியல் என்று போகும் பாடங்களுக்கு நடுவே மனிதனின் கண், காது, தூக்கம், மறதி பற்றி ஒரு பாடம். தமிழில் இதை மனிதக் காரணிகள், மாந்தக் காரணிகள், மனிதக் கூறுகள் என்று பலவாறு எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் விபத்துச் செய்திகளில் இதே கருத்து 'மனிதத் தவறு' என்று மாறிவிடுகிறது. அங்கேதான் பொருள் தலைகீழாகப் போகிறது.

'ஃபேக்டர்' என்பதன் வேர், 'செய்' என்று பொருள்படும் லத்தீன் வினை. செய்பவர், செயலைக் கொண்டுசெலுத்துபவர் என்பது முதல் பொருள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வணிக முகவருக்கு 'ஃபேக்டர்' என்றே பதவிப் பெயர் இருந்தது. சென்னையில் அவர்கள் சரக்கு வைத்து வணிகம் நடத்திய இடத்துக்கு 'ஃபேக்டரி' என்று பெயர் வந்ததும் அதனால்தான். பிற்பாடு 'ஒரு விளைவை உண்டாக்குவதில் பங்குள்ள ஒன்று' என்ற பொருள் வந்தது. தமிழில் 'காரணி' என்ற சொல்லை நாம் முதலில் சந்தித்தது கணக்குப் பாடத்தில். 12 என்ற எண்ணுக்கு 3 ஒரு காரணி, 4 ஒரு காரணி. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக 12 ஆகிவிடாது. ஒன்றோடொன்று பெருகித்தான் அந்த எண் வருகிறது. ஹியூமன் ஃபேக்டர்ஸுக்கும் இந்தப் பொருள் அப்படியே பொருந்துகிறது. 'காரணம்' என்றால் நாம் ஒன்றைத் தேடுவோம், 'காரணகர்த்தா' என்றால் ஓர் ஆளைத் தேடுவோம். 'காரணி' என்னும்போது பலவற்றைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆக, விமானத் துறையில் மனிதக் காரணி என்பது மனிதனின் உடல், மனம், அவன் கையிலிருக்கும் கருவி, வேலை செய்யும் இடம், கூட இருப்பவர்கள், மேலிருந்து வரும் அவசரம் ஆகிய எல்லாம் சேர்ந்து அவன் செய்யும் வேலையை எப்படி மாற்றுகின்றன என்பது. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு 1986-ல் இதற்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்றியது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1990 ஜூன் 10 அன்று நடந்தது. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5390, சுமார் 17,300 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது விமானியின் முன்புறக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானியின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுக்கப்பட்டது. விமானப் பணியாளர்கள் அவரது கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள், அந்த விமானி உட்பட.

அந்தக் கண்ணாடி விமானம் கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84-ன் விட்டம் தேவையானதைவிட சுமார் 0.66 மி.மீ. குறைவு, மீதி 6-ன் நீளம் குறைவு. "தப்பான போல்ட் போட்டுவிட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். முடித்தால், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

விசாரணை அறிக்கை சொல்வதைப் பாருங்கள். இரவு ஷிஃப்டில் ஆள் குறைவு, அதனால் ஷிஃப்ட் மேலாளரே வேலையைக் கையில் எடுத்தார். நேரம் விடியற்காலை, உடம்பு தூக்கம் கேட்கும் நேரம். கழற்றிய பழைய போல்ட்டை மாதிரியாக வைத்துப் புதியதைத் தேடினார். அந்தப் பழையதே சரியான அளவு அல்ல. அதோடுதான் விமானம் அதுவரை பறந்திருக்கிறது. இங்கே போடுவது வேறு அளவு என்று ஸ்டோரில் இருந்தவர் சொன்னார். அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஸ்டோரில் போதுமான எண்ணிக்கை இல்லாததால் வெளிச்சம் குறைந்த இன்னொரு இடத்துக்குப் போய், பெட்டிகளிலிருந்து கண்ணாலும் தொட்டும் பார்த்து எடுத்தார். படிப்பதற்குக் கண்ணாடி போட வேண்டியவர், அப்போது போட்டிருக்கவில்லை. ஏறி நின்ற மேடை வசதியாக இல்லை. குனிந்து, எட்டி வேலை செய்ததில் போல்ட்டின் தலை பள்ளத்தில் சரியாக உட்காராமல் நின்றது தெரியவில்லை. இந்த வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் இல்லை. கடைசியாக ஒன்று: அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தப்படும் வகை. உள்ளேயிருந்து பொருத்தும் வகையானால், விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமே அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

இத்தனையும் காரணிகள். இதில் எதை 'மனிதத் தவறு' என்ற சொல் காட்டுகிறது?

'தவறு' என்ற சொல்லுக்கும் தமிழில் நல்ல கூர்மை உண்டு. நாம்தான் மழுக்கி வைத்திருக்கிறோம். விமானப் பாதுகாப்புத் துறையில் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். எண்ணியது சரி, கை தப்பிவிட்டது என்றால் அது வழுவல். செய்ய வேண்டியது நினைவிலிருந்து விட்டுப்போனால் மறதி. எண்ணியதே சரியில்லை என்றால் பிழை. தெரிந்தே விதியை விட்டு விலகினால் மீறல். 'வழு' நம் இலக்கணத்தில் இருக்கும் சொல். வழாநிலை, வழு, வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம். இலக்கணப்படி வழுவாக இருந்தாலும் ஏதோ ஒரு காரணம் கருதி ஒப்புக்கொள்ளப்பட்டது வழுவமைதி. விமானங்களைப் பராமரிக்கும் கொட்டகையான ஹேங்கரில் 'நார்ம்ஸ்' என்று ஒன்றைச் சொல்வார்கள்: கையேட்டில் இல்லாத, ஆனால் எல்லோரும் செய்துவருகிற வழக்கம். கனடாவில் 1990-களின் தொடக்கத்தில் பராமரிப்பாளர்களுக்காகத் தொகுத்த 'டர்ட்டி டஜன்' என்ற பன்னிரண்டு காரணிகளில் இதுவும் ஒன்று. (களைப்பு, கவனச்சிதறல், நேர நெருக்கடி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.) 'வழக்கப் பிறழ்வு' என்பதைவிட 'பணி வழுவமைதி' என்பதே அதற்கு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இலக்கணத்தில் அமைதி கிடைத்த வழு யாருக்கும் கேடு செய்யாது. ஹேங்கரில் செய்யும்.

1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகர் நசாவுக்குப் பறந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 855-ல் மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் கசிந்தது. எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறதா என்று காட்டும் காந்த அடைப்பான்களை முந்தைய இரவு மாற்றியவர்கள், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களைப் போடவில்லை. வழக்கமாக அவர்களுக்கு வளையம் ஏற்கெனவே மாட்டிய அடைப்பான்தான் கிடைக்கும். அன்று அது இல்லை. ஸ்டோரிலிருந்து வேறொன்றை எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் மூன்று எஞ்சின்களும் நின்றுபோய், ஒன்றை மீண்டும் இயக்கித்தான் 172 பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள்.

இப்போது 'ஹசார்ட்'. பழைய பிரெஞ்சு மொழியில் இது பகடை ஆட்டத்தின் பெயர். அதற்கும் முன்னால் அரபுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பது பலர் ஒப்பும் கருத்து. சூதிலிருந்து நிச்சயமின்மை, அதிலிருந்து ஆபத்து என்று பொருள் நகர்ந்தது. ஆனால் இன்று விமானத் துறையில் ஹசார்டுக்குச் சூதாட்டப் பொருள் இல்லை. தீங்கு விளைவிக்கக்கூடியதாக ஏற்கெனவே நம் முன் இருக்கும் நிலை அல்லது பொருள்தான் ஹசார்ட்: மங்கிய விளக்கு, பத்து மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்த ஆள், ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு போல்ட்டுகள். அதிலிருந்து கெடுதல் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு கடுமை என்று கணிப்பது 'ரிஸ்க்'.

இரண்டையும் 'அபாயம்' என்றே மொழிபெயர்ப்பது நம் கையேடுகளில் பெரிய குழப்பம். ஹசார்டுக்கு 'இடர்', ரிஸ்க்குக்கு 'இடர்வாய்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தேவாரத்திலும் ஆழ்வார் பாடல்களிலும் துன்பம் என்ற பொருளில் வரும் பழஞ்சொல் இடர். 'பேரிடர் மேலாண்மை' வழியாக இன்று எல்லோருக்கும் பழகியும் விட்டது. வங்கித் துறையில் ரிஸ்க்கையே இடர் என்கிறார்கள், உண்மைதான். பணக் கணக்கில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக உறுத்துவதில்லை. ஹேங்கரில் உறுத்தும், ஏனென்றால் இடரைக் கண்ணால் பார்த்து நீக்கலாம், இடர்வாய்ப்பைக் கணக்கிட்டுத்தான் அறிய முடியும்.

அப்படியானால் 'மனிதக் காரணி இடர் மேலாண்மை' என்பது என்ன? முதலில் இடரைக் கண்டறிவது, பிறகு இடர்வாய்ப்பை மதிப்பிடுவது, அப்புறம் குறைப்பது. குறைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. தவறான போல்ட் உள்ளேயே போகாதபடி வடிவமைப்பது முதலில். மூன்று எஞ்சினையும் ஒரே இரவில் ஒரே ஆள் தொடக்கூடாது என்று வேலையைப் பிரிப்பது, இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்ப்பது எல்லாம் அடுத்து. "கவனமாக இருங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டுவது கடைசி. நடைமுறையில் பல இடங்களில் இந்த வரிசை கீழிருந்து தொடங்குகிறது.

கண்டறிவதற்கு, வேலை செய்பவர் பயமில்லாமல் வாய் திறக்க வேண்டும். அதற்கான சொல் 'ஜஸ்ட் கல்ச்சர்'; 'நியாயப் பண்பாடு' என்று தாராளமாகச் சொல்லலாம். வழுவலுக்கும் மறதிக்கும் தண்டனை கிடையாது, வேண்டுமென்றே செய்த பொறுப்பற்ற மீறலுக்கு உண்டு என்ற ஏற்பாடு அது. "நேற்று ராத்திரி போல்ட்டுக்குச் சரியான முறுக்கு (டார்க்) வைத்தேனா இல்லையா என்று சந்தேகமாக இருக்கிறது, விமானத்தை நிறுத்துங்கள்" என்று ஒரு தொழில்நுட்பர் காலையில் போன் செய்தால், அந்த அழைப்பு அறிக்கையில் 'தவறு' என்ற தலைப்பில் பதியப்படக் கூடாது. 'இடர் அறிவிப்பு' என்று பதியப்பட வேண்டும்.